செவலை மேய்ந்த பங்களாத் தொட்டிகள்

தாயி,

இன்றைக்கு மாட்டுப்பொங்கல். விடிந்ததும் தொழுவத்துச் சுவரோரம் தொட்டிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டிருந்தேன். லாரியில் தொட்டியும் தொட்டியும் உரசாமல் இருக்க மலையில் திணித்து அனுப்புகிற யூகலிப்டஸ் இலை கொஞ்சம் அங்கேயே உதிர்ந்து கிடந்தது. காலில் மிதிபட்டதும் தைல வாடை எழுந்தது. நீ வந்து இறங்குகிற அன்றைக்கு உன் சேலையில், தலைமுடியில், நீ கொண்டு வரும் பேரிக்காய்ப் பையில் எல்லாம் அடிக்குமே, அதே வாடை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன்.

உனக்குத்தான் தெரியுமே, எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள், உன் மருமகள், எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி எழுது, ஆனால் அவரவர் பேசினதை அவரவர் பேசின மாதிரியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். நடுநடுவே பேனாவை நிறுத்தி, "இது எதுக்கும்மா, அத்தைக்குத் தெரிஞ்சதுதான?" என்கிறாள். தெரிந்ததைப் பேசத்தானே நீயும் நானும் மூன்று மாதம் உட்கார்ந்திருப்போம். அவளுக்கு அது எங்கே தெரியும்.

போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் லாரி ஏறியிருப்பாய். பனிக்குப் பயந்து வருஷா வருஷம் கீழே இறங்கினவள், பனி வருவதற்கு முன்னாலேயே மழைக் காய்ச்சலில் முடிந்து போனாய். சேதி வந்து நாங்கள் மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அதை இங்கே எழுத வேண்டாம்.

கார்த்திகையில் வழக்கம் போல வீட்டு முன்னால் லாரி சத்தம் கேட்டது. கிழங்கு மூட்டை ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற அதே லாரிதான். வண்டி நின்ற தினுசிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். லாரியைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குள் போனவர்தான், வெளியே வரவே இல்லை. டிரைவர் சவரிமுத்து இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் துண்டை அவிழ்த்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, பங்களாவுல இருக்கிற அண்ணன் தொட்டிய ஏத்தி விட்டாரு. கீழ எடமிருந்தா வைக்கச் சொன்னாரு. தோது இல்லேன்னா ஒண்ணும் நெனைக்கல, நாளைக்கு நான் மேல போகையில திருப்பிக் கொண்டாந்துரச் சொன்னாரு."

லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். கிழங்கு மூட்டைக்குப் பின்னால் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஓரத்தில் நீ உட்கார்ந்து வருகிற இடத்தில் வெறும் சாக்கு மடித்துக் கிடந்தது.

"எடத்துக்கு என்ன கேடு, எறக்குங்க" என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இவளுக்குத் தெரியவில்லை. "மேல இருக்கிற பங்களாக்காரங்க தொட்டி, அத்தையும் இல்ல, நமக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அன்றைக்கே கேட்டாள். அவள் பிறப்பதற்கு முந்தின கதை அது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

உன்னைக் கொடைக்கானலில் கட்டிக் கொடுத்தபோது ஊரே பொறாமைப்பட்டது. மாப்பிள்ளைக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, பங்களாவில் தோட்ட வேலை. குடியிருக்க வீடு, அடுப்புக்கு விறகு, வீட்டுப் பின்னால் பேரி மரம். கோடையில் காற்றாடி வேண்டாத ஊர். வேண்டாததுதான். ஆனால் மார்கழியில் அங்கே தண்ணீரைத் தொட்டால் கை மரத்துப் போகும் என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நமக்குத் தெரிந்த பனியெல்லாம் காதில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்து போகிற பனிதானே.

பங்களாக்கார அம்மா சென்னைப் பக்கம். சித்திரையில் வந்து வைகாசி முடிய இருந்துவிட்டுப் போவார். மலைப் பூ எத்தனை இருந்தாலும் அவருக்குச் சமவெளிப் பூக்கள் மேல்தான் கண். அடுக்குச் செம்பருத்தி, காகிதப்பூ, குண்டுமல்லி, இட்லிப்பூ, ரோஸ் நிறத்து அரளி. எல்லாம் வெயிலில் பிறந்தவை. தரையில் வைத்தால் முதல் மார்கழியிலேயே போய்விடும் என்று தொட்டியில் வைத்து, வராந்தாவில் ஏற்றி, ராத்திரியானால் சாக்குப் போட்டு மூடுவீர்கள்.

அந்தப் பனியை நீ எனக்குச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "விடியக்காலம் பாத்தா புல்லு பூராவும் உப்பக் கொட்டுன மாதிரி இருக்கும் மதினி. அது ஒண்ணும் செய்யாது. அது மேல வெயில் சுள்ளுன்னு படுது பாருங்க, அதுதேன் எமன். உறைஞ்ச எலை சுட்ட அப்பளம் கெணக்கா கருகிப் போகும். அதனால வெயில் வாரதுக்குள்ள தண்ணியத் தெளிச்சு எலையக் கழுவி விட்ரணும்."

அதைக் கழுவிக் கழுவித்தான் உனக்கு இழுப்பு வந்தது. அந்தப் பச்சைத் தண்ணீரில், அந்த நேரத்தில், நீயும் அண்ணனும் ஒவ்வொரு தொட்டியாகத் தெளித்துக்கொண்டு போவீர்களாம். இரண்டாம் வருஷம் மார்கழியில் உன் நெஞ்சு விசில் அடிக்கிறது என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். குளிர் முடிகிற வரைக்கும் மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் முதல் தடவை எங்கள் வீட்டில் தங்கினாய்.

நம் ஊர் வாய் உனக்குத் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை, பிறந்த வீட்டில் மூன்று மாதம். கிணற்றடியில் ஒருத்தி கேட்டாளே, "என்னத்தா, மாப்ள கூட்டியாரவே மாட்டேங்குறாரா?" என்று. நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்தாய். செம்பட்டிச் சந்தைக்கு வந்த யாரிடமோ உன் மாமியார் சொல்லி அனுப்பியது அதற்கு மேலே: "மூணு மாசம் அண்ணன் வீடு, மிச்சம் புருசன் வீடுன்னா, இவ என்ன கொழுப்பு மாடா, மேய்ச்சலுக்கு எறக்கி எறக்கி ஏத்த? எம் மகனுக்கு வேற எடம் பாக்க எனக்குத் தெரியாமலா இருக்கு?" அதைக் கேட்டுவிட்டு உன் அண்ணன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் சரியில்லை என்று என்மேல் பழியைப் போட்டார்.

நீ கீழே இருந்த அந்தப் பனியில் மேலே தொட்டிகள் எல்லாம் கருகிவிட்டன. அண்ணன் ஒருவராக எத்தனை தொட்டியைக் கழுவுவார். சித்திரையில் பங்களா அம்மா வந்து பார்த்து முகம் சுளித்திருக்கிறார். புதிதாகச் செடி வாங்கி வைத்த கையோடு அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னாராம்: "அம்மா, அடுத்த பனிக்கு இதுகளக் கீழ அனுப்பிருவம். பாத்துக்க எம் வீட்டுக்காரி இருக்கா." அம்மா சரி என்றுவிட்டார். பங்களா உத்தரவு என்று ஆனதும் உன் மாமியாரால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தக் கார்த்திகையில் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில், தொட்டிகளோடு தொட்டியாக நீ வந்து இறங்கினாய். கிணற்றடியில் கேட்டவளிடம் நீ சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "வேலையா வந்திருக்கேன்க்கா. பங்களாத் தொட்டி எம் பொறுப்புல இருக்கு."

இது ஒன்றுதான் இவளுக்கு விளங்க வேண்டும். அந்தத் தொட்டிகள் இருக்கிற வரைக்கும் உன்னை யாரும் வாழாமல் வந்தவள் என்று சொல்ல முடியாது. தொட்டி போனால் கீழே வர உனக்கு வேறு சாக்கு இல்லை. கீழே வராவிட்டால் அடுத்த பனியை உன் நெஞ்சு தாங்காது.

எப்படிப் பார்த்துக்கொண்டாய்! தொழுவத்துக் கிழக்குச் சுவர் ஓரம், காலை வெயில் படுகிற மாதிரி, வாடைக்காற்று அடிக்காத இடமாகப் பார்த்து வைத்தாய். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே செங்கல். அடி ஓட்டையில் தண்ணீர் தேங்கக் கூடாது, கரையானும் ஏறக் கூடாது என்று செங்கல்லைச் சுற்றிச் சாம்பல் தூவுவாய். நான் பாசத்தில் கூடைச் சாணியைக் கொண்டுவந்து கொட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாய். "வேணாம் மதினி. இப்பத் தீனி போட்டா இங்கேயே தளதளன்னு வளந்துரும். மேல போனதும் அந்த எளங்கொழுந்து மொதக் குளுருலயே வதங்கிரும். பசியோட கெடக்கட்டும்." தண்ணீரும் அப்படித்தான். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஒரு சொம்பு. நம் ஊர்க்காரர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். பயிரைப் பட்டினி போட்டு வளர்க்கிறாள் பார் என்பார்கள்.

சவரிமுத்து கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டக் காகிதப்பூக் கொப்பு ஒன்று கேட்டு வந்து நிற்பார். "பங்களா சொத்து" என்று நீ முறைப்பாய். "மாதா வீட்டுக்குத்தேன் தங்கச்சி, எங்க வீட்டுக்கா கேக்கேன்?" என்பார். வம்பு பேசி முடித்துவிட்டு, வரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கொப்பாகப் பார்த்து ஒன்றை ஒடித்துக் கொடுப்பாய். அடுத்த வாரம் அதற்குப் பதிலாக ஆயக்குடிக் கொய்யா ஒரு பை வந்து சேரும்.

சரி, தொட்டிகளோடு நீ வந்த அந்த முதல் வருஷத்து மாட்டுப்பொங்கலுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை மாடு இரண்டு, செவலைப் பசு ஒன்று. ஆயில் எஞ்சின் எல்லாம் அப்போது எங்கே. தொழுவத்து முன்னால் சாணி தெளித்துக் கோலம் போட்டாயிற்று. கலப்பை, மண்வெட்டி, நுகத்தடி, கமலைச் சால் என்று வீட்டுக்குச் சோறு போடுகிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். நீ போய் உன் தொட்டிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாய். செம்பருத்தி அன்றைக்கு நாலைந்து பூ விட்டிருந்தது. பார்க்க அழகாக இருக்கும் என்று நீயும் நானும் தொட்டிகளைத் தூக்கி வந்து பொங்கல் அடுப்பைச் சுற்றி வைத்தோம். தெருவே வந்து பார்த்தது. பங்களாப் பூ என்று பெயர்.

மாடுகளுக்கு முன்னால் வாழையிலை போட்டுப் பொங்கலும் பழமும் வைத்தபோது உன் அண்ணனுக்கு ஒரு குறும்பு தோன்றியது.

"எந் தங்கச்சிக்குச் சோறு போடுறதும் சோறு போடுறதுதான? அதுகளுக்கும் ஒரு வாய் வைக்கணுமா இல்லையா?" என்று சொல்லி, ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் இலைத் துண்டு போட்டு, பொங்கலும் வெல்லமும் வைத்துவிட்டார்.

"போண்ணே, செடி சோறு திங்குமாக்கும்!"

"மாடு ஏர் உழுதா பொங்க வைக்கிறோம். இது ஒன்ன உக்கார வச்சுக் காப்பாத்துது. தின்னுட்டுப் போகட்டுமே."

நீ சிரித்தாய். இழுப்பு இல்லாமல் நீ சிரித்து முதல் தடவை கேட்டது அந்த வருஷம்தான்.

பழைய கயிற்றை அறுத்துப் புதுக்கயிறு போடுகிற இடைநேரத்தில் மாடுகள் கட்டு இல்லாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தெருவே தட்டைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. கமலை மாடு இரண்டும் மிரண்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் எடுத்தன. ஆண், பெண், குஞ்சு குளுவான் எல்லாம் பின்னாலேயே ஓடினோம். கண்மாய்க் கரை தாண்டி, யாரோ ஒருவருடைய கொத்தவரைக் கொல்லைக்குள் புகுந்து, அவரிடம் வசவு வாங்கி, மாட்டைப் பிடித்துத் திரும்ப வர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

ஓடின மாட்டைத் தேடிப் போனோம். ஓடாத மாட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

செவலைக்குத் தட்டுச் சத்தம் எல்லாம் பழகின சத்தம். அது தன் இலைப் பொங்கலைத் தின்றுவிட்டு, முதல் தொட்டிக்கு முன்னால் இருந்த பொங்கலுக்குப் போயிருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு செம்பருத்தி. அடுத்த இலை, அடுத்த பொங்கல், பிறகு குண்டுமல்லி. ஒவ்வொரு தொட்டிக்கும் நாங்களே சோறு வைத்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறோம். காகிதப்பூவை முள்ளோடு சேர்த்து நுனி நுனியாகக் கடித்திருந்தது. நாங்கள் வாசலில் நுழைந்தபோது வாய் ஓரம் ஒரு செம்பருத்தி இதழ் ஒட்டிக்கொண்டிருக்க, கண்ணைச் சொருகி நின்றது. தொட்டிகளில் ஒரு சாண், அரைச் சாண் கட்டைகள். சந்தனப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

நான் தலையில் கையை வைத்தேன். உன் அண்ணன் கையில் இருந்த புதுக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு செவலையை அடிக்கப் போனார். நீதான் கத்தினாய்.

"அண்ணே, அடிக்காத! அரளியப் பாரு மொதல்ல! அரளியில வாய வச்சிருந்தா மாடு போயிரும்ணே!"

அப்போதுதான் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அரளித் தொட்டியில் ஒரு கொப்பு ஒடிந்து தொங்கியது. கொம்பு பட்டு ஒடிந்ததா, கடித்து ஒடிந்ததா? உன் அண்ணன் செவலையின் வாயைப் பிளந்து பார்த்தார். நீ தரையில் மண்டியிட்டு, ஒடிந்த கொப்பில் இலை குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவினாய். சாயந்திரம் செவலை படுத்து அசை போடுகிற வரைக்கும் யாரும் வாயில் தண்ணீர் விடவில்லை. அது அசை போடத் தொடங்கியதும் உன் அண்ணன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பிறகுதான் நீ தொட்டிகள் பக்கம் போனாய். அழவில்லை. முந்தானையால் ஒரு தொட்டியின் விளிம்பைத் துடைத்தபடி என்னைக் கேட்டாய்.

"அடுத்த கார்த்திகைக்கு என்னத்தச் சொல்லி மதினி நான் கீழ வருவேன்?"



மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், நீ அறுப்புக்குத் தீட்டி வைத்த அரிவாளோடு உட்கார்ந்திருந்தாய். மாடு கடித்த இடம் பிய்ந்து நார் நாராக இருந்தது. அதில் பனித்தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்று ஒவ்வொரு கட்டையையும் கணுவுக்கு மேலே சாய்வாகச் சீவினாய். சீவின வாயில் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினாய். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் கொல்லைக் குண்டுமல்லிக்கு வருஷா வருஷம் இதைத்தானே செய்கிறோம்! மார்கழியில் கவாத்துப் பண்ணி மொட்டையாக விட்டால்தானே பங்குனியில் பூ அள்ள முடியாமல் கொட்டும்? பங்களாச் செடி என்றதும் அதைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு கொப்பை வெட்டக்கூட யாருக்கும் கை வரவில்லை.

"மல்லிக்குச் சரி மதினி. மத்ததுக்கு இது ஒத்துக்குமான்னு யாருக்குத் தெரியும்?" என்றாய். உனக்கும் தெரியாது. தெரியாமலேதான் செய்தாய்.

அதற்குப் பிறகு எனக்கும் உனக்கும் தினமும் சண்டை. எனக்குத் தண்ணீரை ஊற்ற வேண்டும். பார்க்கப் பார்க்க மனசு கேட்காது. நீ சொம்பைப் பிடுங்கி வைத்துவிடுவாய்.

"எலையே இல்லாம எந்த வாயால குடிக்கும்? ஊத்துனா வேரு அழுகிப் போகும். சும்மா இருங்க."

"செத்துப் போச்சா இருக்கான்னாவது எப்படித் தெரியிறது?"

நீ கட்டைவிரல் நகத்தால் செம்பருத்திக் கட்டையின் தோலை லேசாகக் கீறிக் காட்டினாய். உள்ளே பச்சை. "இருக்கு" என்றாய். அன்றிலிருந்து நாளைக்கு ஒரு தொட்டியாகக் கீறிப் பார்ப்போம். நான் திருட்டுத்தனமாக இன்னொரு தடவை கீறுவேன். "ஆளாளுக்குக் கீறியே கொல்லப் போறோம்" என்று நீ அதட்டுவாய்.

மாசியில் வெயில் ஏறியதும் குண்டுமல்லியில் முதலில் குருத்து வெடித்தது. பிறகு காகிதப்பூ. செம்பருத்தி மேலே வராமல் அடியிலிருந்து ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பியது. இட்லிப்பூ வரவில்லை. கீறினால் உள்ளே பழுப்பு. நீ அதைத் தொட்டியோடு தனியாகத் தள்ளி வைத்துவிட்டு, மற்றதற்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாய்.

பங்குனியில் லாரி வந்தது. அண்ணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் சவரிமுத்து கைகொடுக்க, உன் மாமியாரும் இறங்கினார். மாடு மேய்ந்த கதையை இந்தச் சவரிமுத்துதான் மேலே போய்ச் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறார். கிழவி இறங்கினதும் யாரையும் வாங்க போங்க என்று சொல்ல விடவில்லை. நேரே தொழுவத்துச் சுவருக்குப் போய் நின்றார்.

"எங்கத்தா பூத்தொட்டி? சுள்ளிதான் நட்டு வச்சிருக்கு?"

"துளுத்து வருது பெரியாத்தா" என்றேன் நான்.

"ஒன்னக் கேக்கலத்தா. மூணு மாசம் அண்ணன் வீட்டுச் சோத்தத் தின்னுப்புட்டு, பங்களாச் செடிய மாட்டுக்குத் தீனி போட்டிருக்கா. இதப் பாக்கத்தேன் எறங்கி வந்தாளாக்கும். மேல போயி அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்ல? இவள இங்கேயே வச்சுக்கங்க அப்பு" என்று உன் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். உன் அண்ணன், "அத்தே, தப்பு எம் மேல..." என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நீ இட்லிப்பூத் தொட்டியைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றாய்.

உன் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு செம்பருத்திக் கட்டையின் தோலை நகத்தால் கீறிப் பார்த்தார். நீ கீறுகிற அதே மாதிரி. குருத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். பிறகு நிமிராமலே சொன்னார்.

"ஆத்தா, வெட்டச் சொன்னது நாந்தேன்."

"நீயா? எப்பச் சொன்ன?"

"கார்த்திகையிலயே சொல்லித்தேன் விட்டேன். வெட்டுனாத்தேன் தூரு கட்டும்."

 உன் அண்ணனுக்கு இருமல் வந்தது. சவரிமுத்து இதுதான் சமயம் என்று, "ஆமாத்தா, என் காதுபடத்தேன் சொன்னாரு" என்று ஒத்து ஊதினார்.

கிழவி மகனைப் பார்த்தார். சவரிமுத்துவைப் பார்த்தார். தொழுவத்தில் நின்ற செவலையைப் பார்த்தார்.

"மாட்டு வாயால வெட்டச் சொன்னியாக்கும்" என்றார்.

முதலில் சிரித்தது நீதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாய். கிழவி உன்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உன் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, எதையோ கேட்கிற மாதிரி நின்றார்.

"நெஞ்சுல அந்தச் சத்தம் கேக்கலையே" என்றார்.

"இல்ல அத்தே. கீழ வந்ததுல இருந்து இல்ல."

 கிழவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்ன வேடிக்கை? ஏத்துங்க வண்டில. இருட்டுறதுக்குள்ள மலையேற வேணாமா?" என்று அதட்டிவிட்டு, ஒரு குண்டுமல்லித் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்தச் சித்திரையில் மல்லி தொட்டி கொள்ளாமல் பூத்ததையும், பங்களா அம்மா மெச்சி, வெட்டினது யார் என்று கேட்டதையும் சவரிமுத்து வந்து சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து மாட்டுப்பொங்கல் காலையில் நீயே அரிவாளோடு உட்கார்ந்துவிடுவாய். வெட்டின கொப்பையெல்லாம் செவலைக்குப் போடுவாய். அரளியை மட்டும் தனியாக வெட்டிக் குழி தோண்டிப் புதைப்பாய். "செவலைக்கு உண்டானத அதுக்குக் குடுத்திரணும்" என்பாய். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத வழக்கம் இது. அப்புறம் உனக்கு வருஷா வருஷம் மூன்று மாதம் கீழே. உன் மாமியார் சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்த்திகை பிறந்தால், "லாரிக்குச் சொல்லிட்டியா?" என்று அவரே மகனைக் கேட்பாராம்.

நீ போன பிறகு, பனி வந்தால் அந்தத் தொட்டிகளை மேலேயே வைத்துக் கழுவிக்கொண்டிருக்கலாம் அண்ணன். அனுப்பி வைத்தார். ஏன் என்று நான் கேட்டு அனுப்பவில்லை. அவரும் சொல்லி அனுப்பவில்லை.

இன்றைக்குக் காலையில் நான்தான் வெட்டினேன். செம்பருத்தியைக் கணுவுக்கு மேலே, சாய்வாக. காகிதப்பூ முள் கையில் கிழித்தது. கொப்பைச் செவலையின் பேத்திக்குப் போட்டேன். அரளியை நீ புதைக்கிற இடத்திலேயே புதைத்தேன். பூச்சுக்குச் செம்மண் குழைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கார்த்திகையிலிருந்து தொட்டிகள் பக்கமே வராத உன் அண்ணன் நின்றார். இடது கையில் பசுவின் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். வலது கையில் பொங்கல் சட்டி.

ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் இலையைப் போட்டு ஒரு வாய் பொங்கல் வைத்தார். கடைசித் தொட்டி வரைக்கும் கயிற்றை விடவே இல்லை. வைத்து முடித்ததும், "பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு ஒரு மல்லிக் கட்டையைக் கீறிப் பார்த்தேன். இருக்கு, தாயி. சாயந்திரமாகியும் நகத்தில் அந்தப் பச்சை போகவில்லை.